மாதா எண்ணெயில் கலந்தது

மாதா கோயிலில் சனிக்கிழமை சாயங்கால நவநாள் செபம் முடிந்தது. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று சாமியார் சொன்னதும், சத்யப்பிரியாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தார். பெஞ்சைப் பிடிக்கவில்லை. மருமகளின் தோளைத் தேடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துபோய் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"மரியே வாழ்க. எம் பேரு ஆரோக்கிய ராணி. டைலர் ராணின்னாதான் உங்களுக்கெல்லாம் தெரியும். இங்க இருக்கிற பாதிப் பேரோட ஜாக்கெட் அளவு எனக்கு மனப்பாடம்."

கோயில் முழுக்கச் சிரித்தது.

"எனக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணாதான் உண்டுன்னுட்டாங்க. கிட்னி இருக்கிற இருப்புக்கு வலி மாத்திரையும் போடக்கூடாதாம். நான் மாதா எண்ணெயத் தவிர வேற ஒண்ணையும் தொடல. தெனமும் செபமாலை முடிச்சிட்டு நாக்குல ரெண்டு சொட்டு, முட்டியில ரெண்டு சொட்டு. அவ்ளோதான். இப்ப பாருங்க."

மைக்கைப் பிடித்தபடியே அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எழுந்து நின்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"இந்த வருசம் கொடியேத்தத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். எனக்காக வேண்டிக்குங்க."

ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த டேவிட் ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டி மனைவியைப் பார்த்துச் சிரித்தான். சத்யாவும் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது. அந்த எண்ணெயில் மாதா மட்டும் இல்லை என்பது அந்தக் கோயிலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

*

சத்யா காடாம்புலியூர்ப் பெண். அப்பாவுக்கு முந்திரிக்காடு. வேறு மதத்து டேவிட்டைக் கட்டிக்கொண்டதிலிருந்து அந்த வீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தியே கிடக்கிறது. கல்யாணத்தன்று பெண் வீட்டார் பெஞ்சு காலியாக இருந்ததைப் பார்த்த ஆரோக்கிய ராணி, மாப்பிள்ளை பக்கத்திலிருந்து எழுந்து வந்து அங்கே உட்கார்ந்தார். "எம் பையனுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க. நான் பொண்ணு வீடு" என்றார். கடலூர் முதுநகரில் இருக்கும் அந்தச் சின்ன வீட்டுக்கு வந்த அன்றைக்கே பீரோ சாவியை மருமகள் கையில் கொடுத்துவிட்டார். சத்யா அவரை அத்தை என்று கூப்பிட்டாலும், மனசுக்குள் அம்மா என்றே பெயர் வைத்திருந்தாள்.

அப்படிப்பட்ட அத்தை ஒருநாள் விடிகாலையில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து குளியலறைக்குப் போனதைச் சத்யா கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். ஒரு கையில் நைட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். சத்தம் வராமலிருக்க உதட்டைக் கடித்திருந்தார். ஆபரேஷன் என்றாலே அவருக்கு உதறல். தையல் மிஷினுக்கு மோட்டார் போட்டுக் கொடுத்தும் பெடலை மிதிக்கக் கால் வரவில்லை.

சத்யா சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அங்கே பக்கத்து நாற்காலிக்காரி அருள்மொழிதான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தாள். "பெங்களூர்ல எங்க அக்கா இடுப்பு வலிக்கு ஒரு எண்ணெய் எடுத்துக்கிறா. விஜயா எண்ணெயாம். ஆயுர்வேதம்தான், டாக்டர் சீட்டு இருந்தாதான் அனுப்புவான். நம்ம பாஷையில சொல்லணும்னா கஞ்சா எலை."

"அய்யோ, அருளு!"

"பதறாத. போதை வர்ற அளவே கெடையாது. மைக்ரோடோஸ்ங்கிறாங்க. ஒரு சொட்டுல ஆரம்பிக்கணும். சில நாள் பொறுத்துப் பாக்கணும். கேக்கலன்னா இன்னொரு சொட்டு. எங்க அக்கா இப்ப மாடிப்படி ஏறுறா."

சத்யா அத்தையிடம் மறைத்து எதையும் செய்ய நினைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். கஞ்சா என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் ஆரோக்கிய ராணி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாடி பேசுற நீ? உன் மாமனார் எப்பேர்ப்பட்ட மெக்கானிக் தெரியுமா? தைரியராஜ் கை வச்சா ஓடாத போட்டும் ஓடும்னு துறைமுகத்துல சொல்லுவாங்க. குடிதான அந்த மனுசனக் கொண்டுபோச்சு? அவுரு போனதோட இந்த வீட்ல போதை முடிஞ்சுது. கிறிஸ்மஸுக்கு ஒயின் கூட நான் போடுறதில்ல. செத்தாலும் சாவேனே தவிர, அது என் வாயில படாது."

அதோடு விட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையிலும் தரையில் நைட்டி தேய்கிற சத்தம் கேட்டது. சத்யா போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டாள். அப்படியும் கேட்டது.

கல்லூரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் முகம் பார்த்துப் பேசிய டாக்டரம்மா நல்லவராகத்தான் தெரிந்தார். நோயாளியிடம்தான் பேசுவேன் என்றார். வலி எனக்குத்தான் என்றாள் சத்யா. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்டபோது அத்தையின் முழங்காலை நினைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"சுகர், பிரஷர்னு வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர்."

அத்தை இரண்டுக்குமே மாத்திரை போடுகிறவர். பாதிப் பொய் சொல்லிவிட்ட பிறகு மீதியை மட்டும் உண்மையாகச் சொல்ல வழியில்லாமல் போனது.

"கொஞ்சமா ஆரம்பிங்க, மெதுவா ஏத்துங்க. தலை கிர்ருன்னா, சிரிப்பு வந்தா, வாய் வறண்டா, அளவு தாண்டிருச்சுன்னு அர்த்தம். உடனே நிறுத்திடணும்" என்றார் டாக்டரம்மா.

பார்சல் கல்லூரி முகவரிக்கு வந்தது. மசிப்புட்டி அளவு கூட இல்லாத ஒரு குப்பி. அத்தைக்குக் கொடுக்கும் முன் தன் நாக்கில் விட்டுப் பார்ப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டு போட்டுக்கொண்டாள். சுவரைப் பிடித்தபடி நின்று, என்னவோ ஆகப்போகிறது என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் மீன்குழம்பு மட்டும் வழக்கத்தைவிட ருசியாக இருந்தது.

"இன்னா சத்யா, மூணாவது தபா சோறு போட்டுக்கிற? விசேஷமா?" என்று டேவிட் கண்ணடித்தான்.

"சும்மா இரு மாமா" என்று சிணுங்கினாள்.

முதலில் பாலில் கலந்து பார்த்தாள். ஆரோக்கிய ராணி ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா இது, பால்ல கீரை வேக வச்ச வாசன வருது?" என்று செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டார். அவர் மூக்குக்குத் தப்பி எதையும் உள்ளே அனுப்ப முடியாது. ஒன்றே ஒன்றைத்தான் அவர் முகர்ந்து பார்க்காமல் நாக்கில் வைப்பார். மாதா சொரூபத்தின் காலடியில் இருக்கும் வேளாங்கண்ணி எண்ணெய்.

சத்யா சொரூபத்தின் முன்னால் நின்று எண்ணெய்க் குப்பியைத் திறந்தாள். நானே இந்தச் சாமியைக் கும்பிடத் தெரியாமல் இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள், இந்த அம்மாவுக்கு என் மேல் கோபம் வராதா என்று நினைத்தாள். பிறகு, அம்மாதானே, புரிந்துகொள்வாள் என்றும் நினைத்தாள். ஒரு வாரத்துக்குக் கணக்குப் போட்டு, மிகக் கொஞ்சமாகக் கலந்தாள். அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டினாள்.

வேலை செய்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. அத்தை தூங்கினார். காலையில் நின்றபடி நடந்தார். மிஷின் மறுபடி ஓடியது. தைக்கும்போது பாட்டு முணுமுணுத்தார். "மாதா என் பக்கம் திரும்பிட்டாடி" என்று மருமகளைக் கட்டிக்கொண்டார். அந்தக் கட்டிப்பிடிப்பில் சத்யா கட்டையாக நின்றாள். சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்து, விஷயம் கோயில் மைக்குவரை போய்விட்டது.

*

நடைப்பயணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வலி தெரியவில்லை என்பதற்காகத் தேய்ந்த முட்டி வளர்ந்துவிடவா போகிறது? கடலூரிலிருந்து வேளாங்கண்ணிவரை அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடந்தால் என்ன ஆகும்? சத்யா மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"அத்தை, வேன்ல போயிட்டு வந்துடலாமே. மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நடந்து வர்றேன்னு சொல்லிட்டு வேன்ல போய் எறங்கினா, அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது? நீ சந்தேகப்படாத. சந்தேகப்பட்டா கெடைச்சது போயிடும்."

மருந்து கலக்காத மாதா எண்ணெயை மாற்றி வைத்துவிட்டால் வலி திரும்பும், பயணம் தானாக நின்றுவிடும் என்று ஒரு யோசனை வந்தது. அத்தைக்கு வலி திரும்பட்டும் என்று வேண்டிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டோமா என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொரூபத்தருகே போய்ப் பார்த்தாள். எண்ணெய்க் குப்பி அங்கே இல்லை. ஆரோக்கிய ராணி அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிவைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் யார் யாரோ ஒரு சொட்டு கேட்டும் கொடுக்கவில்லை. "இது எம் பொண்ணுக்கு. சிதம்பரத்துல ஷாலினி வீட்டுல தங்கும்போது அவளுக்குத்தான் மொதல்ல" என்றார். மேரி ஷாலினி டேவிட்டின் தங்கை. ஆறு மாதக் கர்ப்பிணி.

இதைக் கேட்டதும் கணவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள் சத்யா. மறுநாள் வேலை முடிந்து வந்தவளை ரயில்வே ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு பைக்கில் வந்துகொண்டிருந்தான் அவன். "மாமா, அத்தை விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று அவன் தோளில் வாயை வைத்துச் சொன்னாள்.

"நானும் அதான் நெனைச்சுகினு வந்தேன். அம்மா இப்படி சிரிச்சு எவ்ளோ வருசமாச்சு தெரியுமா சத்யா? அப்பா போனதுலருந்து நான் பாக்கல" என்றான் டேவிட். "சரி, நீ இன்னா சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்ல மாமா. நடைக்கு அத்தைக்கு ஷால் எடுத்து வச்சியான்னு கேக்க வந்தேன்."

நடைக்குழு கிளம்புவதற்குள் எப்படியும் சொல்லிவிடுவேன் என்றுதான் இருந்தாள். ஆனால் காவிப்புடவை கட்டி, கழுத்தில் செபமாலை போட்டு, சின்னச் சப்பரத்தை இழுக்கிற கயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்ற அத்தையின் முகம், விளக்கு ஏற்றிவைத்தது போல இருந்தது. அந்த முகத்தை ஊதி அணைக்க அவளுக்குத் தெம்பு வரவில்லை.

*

குழு முதல் நாள் புதுச்சத்திரம் தாண்டித் தங்கியது. மறுநாள் சாயங்காலத்துக்குள் சிதம்பரம் வந்துவிடும் என்று போன் வந்தது. சத்யா கல்லூரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மத்தியானமே ஷாலினி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, வாசலுக்கும் உள்ளுக்கும் ஏன் இப்படி நடக்கிறீங்க? நடைப்பயணம் போறது எங்க அம்மாவா நீங்களா?" என்று ஷாலினி கிண்டல் செய்தாள். அவளுக்குக் கால் இரண்டும் உப்பியிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலி மேல் காலை நீட்டியிருந்தாள்.

குழு தெருவுக்குள் வந்தபோது பாட்டுச் சத்தம் முன்னால் வந்தது. சப்பரத்தின் பின்னால், இரண்டு பெண்கள் தோள் கொடுக்க, ஆரோக்கிய ராணி வந்தார். நடக்கிற நடை ஒரு பக்கமாக இழுத்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே சத்யாவுக்குப் பகீரென்றது. டாக்டரம்மா சொன்ன சிரிப்பு அது.

"அக்காவுக்கு முட்லூர்ல கொஞ்சம் தலை சுத்துச்சு. வெயில்தான்னு நெனைக்கிறோம். சாப்பாடு போட்டுப் படுக்க வையுங்க, காலையில வந்து கூட்டிக்கிறோம்" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு, குழுவோடு தங்குமிடத்துக்குப் போனாள்.

சோபாவில் சாய்த்துப் புடவையை மேலே தூக்கிப் பார்த்தாள் சத்யா. வலது முட்டி பலாப்பிஞ்சு மாதிரி வீங்கி, தொட்டால் கொதித்தது.

"அத்தை! வலிக்கலையா?"

"வலிச்சப்பல்லாம் ரெண்டு சொட்டு வச்சுக்கிட்டேன்டி." ஆரோக்கிய ராணி நாக்கைச் சப்புக்கொட்டினார். கண் சிவந்து மினுங்கியது. "வலிக்குது, வச்சுக்கிறேன். வலிக்குது, வச்சுக்கிறேன். ரோடே மெத்த மாதிரி ஆயிடுச்சு. அந்தச் சப்பரத்த இழுக்கிற பையன் இருக்கானே, அவன் காது ரெண்டும்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தண்ணி குடு. வாயெல்லாம் பஞ்சு."

ஷாலினிக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. "அம்மா, நீ குடிச்சவ மாதிரி பேசுற!"

"சீ, அந்த வார்த்தைய எடுக்காத. இது மாதா குடுத்த சந்தோசம்." ஆரோக்கிய ராணி இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் குப்பியை எடுத்தார். "உனக்குத்தான் காப்பாத்தி எடுத்தாந்தேன். கால் எப்படி ஊதியிருக்குது பாரு. கிட்ட வா. வாயத் தொற."

ஷாலினி சிரித்துக்கொண்டே குனிந்து வாயைத் திறந்தாள்.

"வேணாம்!"

சத்யாவின் கை முந்திக்கொண்டது. குப்பி பறந்துபோய்ச் சுவரில் மோதி உடைந்தது. சுவரிலிருந்து பச்சைக் கோடாக எண்ணெய் இறங்கியது. அந்தக் கீரை வாசனை அறை முழுக்கப் பரவியது.

ஆரோக்கிய ராணி சிலுவை போட்டுக்கொண்டார். "மாதா எண்ணெயத் தட்டி விட்டுட்டியே, பாவி! உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சுது?"

"அது மாதா எண்ணெய் இல்ல அத்தை. அதுல நான் மருந்து கலந்திருக்கேன். நீங்க வேணாம்னு சொன்னீங்களே, அந்த மருந்து. உங்களுக்கு வலி கொறைஞ்சது அதனாலதான்." சத்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தினி மாசமா நாந்தான் கலந்துகினு இருந்தேன்."

ஷாலினி வயிற்றில் கை வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். ஆரோக்கிய ராணிக்கு விஷயம் உடனே ஏறவில்லை. சுவரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். சிரிப்பின் மிச்சம் உதட்டோரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைப்பது போல் முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"கஞ்சாவா?"

"அதோட எலையில எடுக்கிற மருந்து அத்தை."

"நான் கேட்டது அதுவான்னு."

"ஆமா."

"அப்போ மாதா எனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

திட்டுவார், அறைவார் என்றுதான் சத்யா எதிர்பார்த்திருந்தாள். ஆரோக்கிய ராணி அழவும் இல்லை. "மைக்க புடிச்சு உக்காந்து எழுந்து காட்டினேனே" என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

*

டேவிட் கடலூரிலிருந்து பறந்து வந்தான். எலும்பு டாக்டரிடம் மூன்று பேருமாகப் போனார்கள். என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, ஆரோக்கிய ராணி மருமகள் பக்கம் கையைக் காட்டினார்.

"அவளக் கேளுங்க. என் ஒடம்புக்குள்ள இன்னா போச்சுன்னு எனக்குத் தெரியாது."

சத்யா சொன்னாள். போன் டாக்டரிடம் வலி தனக்கு என்று சொன்னது, சுகர் பிரஷரை மறைத்தது, பாலில் கலந்தது, எண்ணெயில் கலந்தது. கணவன் முகத்தைப் பார்க்காமல், மேசை மேலிருந்த பிளாஸ்டிக் முழங்கால் பொம்மையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பிரஷர் மாத்திரையோட இது சேர்ந்து, ரோட்டுல மயங்கி விழுந்திருந்தா? லாரி போற ரோடும்மா அது. வலிங்கிறது ஒரு எச்சரிக்கை. அதை மூடி வச்சிட்டு நடக்க விட்டிருக்கீங்க. இனி ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது." பிறகு ஆரோக்கிய ராணி பக்கம் திரும்பினார். "வலி நெஜமாவே கொறைஞ்சுதாம்மா?"

"கொறைஞ்சுது டாக்டர். அதான் ஆத்திரமா வருது."

"முறையா கேட்டு, அளவு பாத்துக் குடுத்திருந்தா..."

"கேட்டா. மாட்டேன்னு சொன்னேன். மாட்டேன்னு சொல்ல எனக்கு இருக்கிறது இந்த ஒடம்பு ஒண்ணுதான். அதுலயும் இவ கை வச்சுட்டா."

அன்றைக்கு அத்தையை வார்டில் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்றார்கள். டேவிட் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"திட்டு மாமா. ஏதாவது பேசு."

"எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு யோசிச்சுகினு இருக்கேன். அம்மா தரையில நகர்ந்து போறத நானும் பாத்திருக்கேன் சத்யா. பாத்துட்டுத் திரும்பிப் படுத்திருக்கேன். நீ சொல்லியிருந்தா, அந்த மருந்த நானே வாங்கியாந்து நானே கலந்திருப்பேன். அதான் எனக்கு வாய் வரல." டம்ளரை அவள் கையில் கொடுத்தான். "ஆனா நீ எங்கிட்டயும் பொய் சொல்லிட்ட. அது வலிக்குது."

மறுநாள் காலை நடைக்குழு ஆஸ்பத்திரி வழியாகத்தான் போனது. ஜன்னல் வழியே பாட்டு கேட்டது. ஆரோக்கிய ராணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அத்தை, உங்க நேர்ச்சைய நான் நடந்து தீர்க்கட்டுமா?"

"நீ நடந்தா அது உன் நடை. எனக்குக் கேடு பண்ணதெல்லாம் போதும், சும்மா இரு."

*

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் வைத்து நடக்க ஆரம்பித்தும், ஆரோக்கிய ராணி மருமகள் கையால் எதையும் வாங்கிக் குடிக்கவில்லை. டேவிட்டைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பார். அவன் வேலைக்குப் போய்விட்டால், வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தானே காபி போட்டுக்கொள்வார். சத்யா ஒதுங்கி நின்று பார்ப்பாள். ஒரு கையால் வாக்கரைப் பிடித்தபடி மறு கையால் பால் பாத்திரத்தைத் தூக்குவார். உதவிக்குப் போக அவளுக்குக் கால் வராது.

கோயிலுக்குப் போகலாம் என்று டாக்டர் அனுமதித்த முதல் சனிக்கிழமை, சாட்சி நேரத்தில் ஆரோக்கிய ராணி மறுபடி எழுந்தார். வாக்கர் டக் டக் என்று சத்தமிட, மைக்குக்கு அவர் போய்ச் சேருவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன தபா நான் சொன்ன சாட்சி தப்பு. என் வலி கொறைஞ்சது ஒரு மருந்தால. எங்க வீட்ல எனக்குத் தெரியாம எண்ணெயில கலந்து குடுத்திருக்காங்க. எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சப்புறம் சும்மா இருந்தா அது பொய். மாதாவோட பேர்ல பொய் நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

யார் கலந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே பாதிக் கோயில் சத்யாவின் பக்கம் திரும்பிவிட்டது. சத்யா எழுந்து நின்றாள். முன்னால் போகத் தைரியமில்லை. இருந்த இடத்திலேயே நின்று, "நான்தான்" என்றாள். மைக் இல்லாததால் முன்வரிசைக்குக் கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

ஆட்டோவில் திரும்பினார்கள். துறைமுகத்துப் பாலம் தாண்டியதும் ஆரோக்கிய ராணி சட்டென்று கேட்டார். "உன்ன யாரு எழுந்திரிக்கச் சொன்னது? நான் பேரு சொல்லாம விட்டுட்டு வரேன், நீ நின்னுகினு மானத்த வாங்குற."

"எனக்கு உக்காந்திருக்க முடியல அத்தை."

"இனிமே அந்தப் பக்கத்து வீட்டு அமிர்தம் என்னப் பாக்குறப்பல்லாம், பாவம் மருமக கிட்ட மாட்டிக்கிட்டான்னு உச்சு கொட்டுவா. தேவையா எனக்கு?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனாலும் சிதம்பரத்துக்குப் பிறகு அவர் அவளோடு இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாயங்காலம் சத்யா கூடத்துக்குக் காபி கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை, கையில் பிடித்தபடி நின்றாள். ஆரோக்கிய ராணி ஒரு ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னா அது?"

"காபி அத்தை. பாலு, டிகாஷன். சக்கரை போடல."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

இப்போது நிமிர்ந்தார். டம்ளரைப் பார்க்கவில்லை, முகர்ந்தும் பார்க்கவில்லை. மருமகளின் முகத்தையே பார்த்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கையை நீட்டினார். ஒரு வாய் குடித்து, "சக்கரை இல்லாம இதெல்லாம் ஒரு காபியா" என்று முகத்தைச் சுளித்தார். பாதியை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அது தினமும் நடந்தது. மாத்திரை என்றாலும், மோர் என்றாலும், வெறும் தண்ணீர் என்றாலும் அவர் கேட்பார், இவள் சொல்வாள். ஒருநாள் டேவிட்டுக்குப் பொறுக்கவில்லை.

"எத்தினி நாளைக்குமா இப்படி? அவ தப்புன்னு ஒத்துக்கிட்டா இல்ல?"

"எனக்கு எப்ப கேக்க வேணாம்னு தோணுதோ அதுவரைக்கும். உனக்கு இன்னா கஷ்டம்? உன்னையா கேக்குறேன்?"

"கேக்கட்டும் மாமா" என்றாள் சத்யா.

சாயங்காலம் சுடுதண்ணீரும் மாத்திரையுமாக வந்தவள், அத்தை வாயைத் திறக்கும் முன்பே தானாகச் சொல்லத் தொடங்கினாள். "இது பிரஷர் மாத்திரை அத்தை, இது..."

ஆரோக்கிய ராணி கையைத் தூக்கினார். "இரு. நான் கேட்டப்புறம் சொல்லு."

சத்யா தட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் கேட்பதற்காக நின்றாள்.